சோற்றைக் குறைப்பதா, சப்பாத்திக்கு மாறுவதா, இரவில் பட்டினி கிடப்பதா? சர்க்கரையின் எல்லையில் நிற்பவர்களுக்கு நான்கு வழிகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்து வாசகர்களின் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வயிறு முன்னே வந்துவிட்டது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை உண்டு. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 110, 115 என்று வந்திருக்கிறது. மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு யோசனை. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறச் சொல்கிறார் மைத்துனர். மாலையோடு சாப்பாட்டை முடித்துக்கொள்ளச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். மாவுச்சத்தையே தொடாதீர்கள் என்கிறது கைபேசியில் வரும் காணொளி. சோறு இருக்கட்டும், பாதியாக்குங்கள் என்கிறார் சுகாதார நிலையத்துச் செவிலியர்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்துச் சாப்பாட்டை உண்டு வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குச் செவிலியர் சொன்னதே சரி. ஆனாலும் எல்லோருடைய வீடும் வேலையும் உடலும் ஒன்றல்ல. மற்ற வழிகள் பொருந்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

## இது யாருக்கு

வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருப்பவர்கள் எல்லையில் நிற்கிறார்கள். 126-ஐயோ 6.5-ஐயோ தொட்டால் அது நோய். அதற்கு இந்தக் கட்டுரை போதாது, மருத்துவர் வேண்டும்.

உடல் பருமனைப் பொறுத்தவரை நமக்கான அளவுகோல் வேறு. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலே இந்தியர்களுக்கு அதிக எடை, 25 என்றால் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கைக் கோடு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக், தம் பிரிட்டிஷ் நண்பரான மருத்துவர் யூட்கினோடு சேர்ந்து நிற்கும் படம் ஒன்றை 2004-இல் லான்செட் இதழில் வெளியிட்டார். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஆகவே, நான் அவ்வளவு குண்டு இல்லையே என்று நினைப்பவர்களும் ஒரு அளவு நாடாவை எடுத்து, தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பார்ப்பது நல்லது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்புதான் கல்லீரலில் படிந்து இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது.

கேரள எல்லையோரத்தில் வாழும் நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய கணக்கெடுப்பு 2023-இல் வெளியானபோது, தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஏழில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. கேரளத்தில் நான்கில் ஒருவருக்கு. நம் ரேஷன் அட்டை தமிழ்நாட்டுடையது. நம் தட்டோ, புட்டும் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) பரோட்டாவும் பழம்பொரியுமாக, கேரள எல்லையூரான பாறசாலைக்கு அந்தப் பக்கத்துத் தட்டைப் போலவே இருக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, இடுப்பு குறையுமா என்பது. அமெரிக்காவில் 2002-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், எல்லையில் நின்றவர்கள் உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதையும் இலக்காகக் கொண்டார்கள். நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஆபத்து சுமார் 16 சதவீதம் இறங்கியதாகப் பின்னர் கணக்கிட்டார்கள். எண்பது கிலோ எடையுள்ளவருக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ. எட்ட முடியாத தூரம் இல்லை.

இரண்டாவது, நாள் முழுக்க உள்ளே போகும் மாவுச்சத்தின் மொத்த அளவு குறைகிறதா என்பது. சென்னையில் நடந்து 2006-இல் வெளியான இந்தியத் தடுப்பு ஆய்வில் சராசரி எடை பெரிதாகக் குறையவே இல்லை. ஆனாலும் உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. எடைக் கருவியின் முள் அசையாவிட்டாலும் தட்டில் நடக்கும் மாற்றத்துக்குப் பலன் உண்டு என்பதற்கு நம் ஊர்ச் சான்று இது.

மூன்றாவது, சமையல் செய்பவரின் சுமை. இதைப் பெரும்பாலான உணவுப் பட்டியல்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. நான்காவது, மாதச் செலவு. ஐந்தாவது, ஓராண்டுக்குப் பிறகும் இதே பழக்கம் தொடருமா என்பது. ஒரு மாதத்தில் நான்கு கிலோ குறைத்து ஆறு மாதத்தில் ஐந்து கிலோ ஏற்றிக்கொள்வதால் ஒரு நன்மையும் இல்லை.

| வழி | இடுப்பு குறைய | மாவுச்சத்து | சமையல் சுமை | செலவு | ஓராண்டு தாங்குமா |
|---|---|---|---|---|---|
| தானியத்தை மாற்றுவது | அளவு குறைந்தால் மட்டும் | பெரும்பாலும் அதே | அதிகம் | கூடும் | பலர் விட்டுவிடுகிறார்கள் |
| சோற்றைப் பாதியாக்குவது | மெதுவாக, உறுதியாக | நன்றாகக் குறையும் | சற்றுக் கூடும் | மீன், பயறுக்குக் கொஞ்சம் | தாங்கும் |
| இரவு உணவை முன்னே நகர்த்துவது | ஓரளவு | ஓரளவு | குறையும் | இல்லை | வேலை நேரத்தைப் பொறுத்தது |
| கடும் உணவுக் கட்டுப்பாடு | வேகமாக | மிகவும் குறையும் | தனிச் சமையல் | அதிகம் | கண்காணிப்பு இருந்தால் மட்டும் |

எந்த வழியை எடுத்தாலும் அதற்கு முன்னே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டு நாளைக்கு நான்கு தேநீர் குடித்தால் அதிலேயே 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. முதலில் அதை நிறுத்துங்கள். கருப்பட்டி போட்டால் பரவாயில்லை என்ற நம்பிக்கை நம் மாவட்டத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கருப்பட்டியில் தாது உப்புகள் கொஞ்சம் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரையேதான். ரத்தத்தில் அது வேறு விதமாக நடந்துகொள்ளாது.

## வழி ஒன்று: தானியத்தை மாற்றுவது

எல்லோரும் முதலில் தேர்ந்தெடுப்பது இதைத்தான். பலன் குறைவாகத் தருவதும் இதுதான். ஏன் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். வடித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இரவில் 300 கிராம் சோறு உண்பவருக்கு 84 கிராம். அவர் நான்கு சப்பாத்திக்கு மாறுகிறார். நடுத்தர அளவுச் சப்பாத்தி ஒன்றில் ஏறத்தாழ 20 கிராம், நான்கில் 80. கூடவே சுடும்போது விடும் எண்ணெய், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. இரவில் சோறே தொடுவதில்லை என்று அவர் மனநிறைவோடு சொல்லலாம். அவருடைய கணையத்துக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

சாமை, தினை, கேழ்வரகுக்கும் இதே நியாயம்தான். நார்ச்சத்து கூடுதல், தாது உப்புகள் கூடுதல். மாவுச்சத்து அரிசியைவிடச் சற்றே குறைவு. அதை நைசாக அரைத்துக் கஞ்சியாகவோ புட்டாகவோ செய்தால் இருக்கும் நன்மையும் குறைகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகக் கணக்கெடுப்பின் உணவுத் தரவுகள் 2025-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தன. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், தீட்டிய தானியத்தின் இடத்தில் முழுக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்பது அதில் முக்கியமான செய்தி. மாவுச்சத்தில் ஒரு பங்கைப் பயறு, பால், முட்டை, மீன் வழியாக வரும் புரதத்துக்கு விட்டுக்கொடுத்தால் ஆபத்து குறைவாக இருந்தது. இது ஒரு காலகட்டத்துக் கணக்கெடுப்புதான். காரணத்தை நிறுவும் சோதனை இல்லை. ஆனாலும் மேலே போட்ட கணக்கோடு அது சரியாகப் பொருந்துகிறது.

மரச்சீனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விசாகம் திருநாள் மன்னர் 1880-களில் திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு இது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் போனபோது இந்தப் பகுதி ஏழைகளின் உயிரைக் காத்தது. அந்த நன்றி நம் நாக்கில் இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அவித்த மரச்சீனி 100 கிராமில் மாவுச்சத்து சோற்றைவிட அதிகம். புரதம் ஒரு கிராமைச் சற்றே தாண்டும். கிழங்குதானே, அரிசி இல்லையே என்று தட்டு நிறைய வைத்துக்கொள்வது பெரிய தவறு. மீன்கறியை நிறைய வைத்து, நான்கைந்து துண்டுக் கிழங்கோடு, சோறு இல்லாத வேளையில் உண்டால் குற்றமில்லை. சோற்றுக்கு மேல் மரச்சீனி என்பதை மட்டும் விட்டுவிட வேண்டும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு இரண்டு. ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கும்போது சாமைக்கும் தினைக்கும் கடையில் பணம் கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரியது, வீட்டில் இரட்டைச் சமையல். பிள்ளைகளுக்கும் மாமனாருக்கும் சோறு, ஒருவருக்கு மட்டும் சப்பாத்தி என்றால், முந்திரி ஆலையிலிருந்து மாலை திரும்பும் பெண் இன்னொரு முறை மாவு பிசைய வேண்டும். சப்பாத்தி தேவைப்படுவது அவருக்கே என்றால், மூன்றாவது வாரத்தில் அது நின்றுவிடும்.

அப்படியானால் இது யாருக்குப் பொருந்தும்? சோற்றை அளந்து போட்டுக்கொள்ளவே முடியாதவர்களுக்கு. சப்பாத்தியை எண்ணலாம், இரண்டு என்றால் இரண்டுதான். இரண்டோடு நிறுத்தி, நடுவில் பயறோ முட்டையோ வைத்துக்கொண்டால் உண்மையிலேயே மாவுச்சத்து பாதியாகிறது. வீட்டில் ஏற்கெனவே தவிடு நீக்காத சிவப்பரிசி சமைப்பவர்கள் அதை விட்டுவிடாதீர்கள். வெள்ளை அரிசியைவிட அது மேல். அளவு மட்டும் குறையட்டும்.

## வழி இரண்டு: சோற்றைப் பாதியாக்கி, காலியான இடத்தை நிரப்புவது

இருபத்தொரு நாடுகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நாளைக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்பவர்களை 150 கிராமுக்குக் கீழே உண்பவர்களோடு ஒப்பிட்டார்கள். தெற்காசியாவில் சர்க்கரை நோய் ஆபத்து 61 சதவீதம் அதிகமாக இருந்தது. மதியமும் இரவும் வயிறு நிறையச் சோறு உண்ணும் வீட்டில் 450 கிராம் சாதாரணமாகத் தாண்டிவிடும். காலைப் புட்டும் இடியாப்பமும் அதற்கு மேல்.

செய்முறை எளிது. ஒரு கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்து, சமையலறைத் தராசில் ஒரே ஒரு முறை 150 கிராம் சோறு எவ்வளவு என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு அவ்வளவுதான். இதுவரை 300 கிராம் உண்டவருக்கு வேளைக்கு 42 கிராம் மாவுச்சத்தும் சுமார் 200 கலோரியும் மிச்சம். இரண்டு வேளைக்கு 400.

காலியான இடத்தை நிரப்பாவிட்டால் இது வெறும் பட்டினி. பத்து நாளில் பசி ஜெயித்துவிடும். இங்கேதான் நம் சமையல் கைகொடுக்கிறது. முருங்கைக்கீரைத் துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்), முட்டைக்கோஸ் துவரன், பயற்றங்காய் மெழுக்குப்புரட்டி, சிறுபயறு, சாளை மீன் குழம்பு, நெத்திலி அவியல், மோர் எல்லாமே வீட்டில் ஏற்கெனவே இருப்பவை. இதுவரை சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் அளவில் தட்டின் ஓரத்தில் கிடந்தன. இனி தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு மீனோ பயறோ முட்டையோ, மீதிக் கால்பங்கு சோறு. சாளை 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. நெய்மீன் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

காலை உணவுக்கும் இதே முறைதான். புட்டோடு பழமும் சர்க்கரையும் பிசைந்தால் மாவின் மேல் மாவு. அரைக் குழல் புட்டோடு ஒரு கிண்ணம் கடலைக்கறி வைத்தால் பதினோரு மணிக்கு வடை தேட மாட்டீர்கள். நேந்திரம்பழம் பெரியது, 100 கிராமுக்குச் சுமார் 30 கிராம் மாவுச்சத்து. பழம் வேண்டுமென்றால் ஒரு மட்டிப்பழம் போதும்.

உண்ணும் வரிசையும் உதவும். காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு, மாவுச்சத்தைக் கடைசியில் உண்டால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது என்று நியூயார்க்கில் 2015-இல் செய்த சிறிய ஆய்வு ஒன்று காட்டியது. காசு செலவில்லாத மாற்றம், முயன்று பாருங்கள்.

மறைமுகச் செலவுகள் இங்கும் உண்டு. முதலாவது தேங்காய். துருவிய தேங்காய் 100 கிராமில் 350 கலோரிக்கு மேல் இருக்கிறது. தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. தேங்காய் சர்க்கரையை ஏற்றாது என்பது சரி. ஆனால் துவரனைக் கூடுதலாகச் செய்யும்போது தேங்காயும் அதே விகிதத்தில் கூடினால், சோற்றில் மிச்சம் பிடித்த கலோரி அப்படியே திரும்பி வந்துவிடும். காயை இரட்டிப்பாக்குங்கள், தேங்காயைப் பழைய அளவிலேயே நிறுத்துங்கள். மீனைப் பொரிக்காமல் குழம்பாக்குங்கள்.

இரண்டாவது மீன் விலை. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்களில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதத்துக்குப் பயறு, கடலை, முட்டை என்று முன்கூட்டியே எண்ணி வையுங்கள். இல்லையென்றால் சோறு பழைய அளவுக்குப் போய்விடும்.

மூன்றாவதைப் பணத்தில் அளக்க முடியாது. நம் வீடுகளில் அன்பைச் சோற்றின் அளவில்தான் காட்டுகிறார்கள். போதும் என்று கையால் இலையை மறைத்தாலும் இன்னொரு கரண்டி விழும். அம்மாவிடமும் மாமியாரிடமும் பரிசோதனைத் தாளைக் காட்டிப் பேசிவிடுங்கள். சோறு வேண்டாம் என்று சொல்வதைவிட, இன்னும் கொஞ்சம் துவரன் வையுங்கள் அம்மா என்று கேட்பது எளிது. அவர்களுக்கும் மனம் நோகாது.

இந்த வழி ஓராண்டு தாங்குமா என்ற கேள்விக்கு நமக்கு மிக அருகிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டியதும் வரும் நெய்யாற்றின்கரை வட்டத்தில், ஆபத்தில் இருந்த ஆயிரம் பேரை வைத்துக் கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் நடந்தது. முடிவு 2018-இல் வந்தது. அக்கம்பக்கத்தவர்களே குழுவாகக் கூடி, தங்களில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, உணவையும் உடலுழைப்பையும் மாற்ற முயன்றார்கள். இரண்டு ஆண்டில் குழுவில் இருந்தவர்களில் 14.9 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 17.1 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. இந்த வேறுபாடு உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை என்று ஆய்வாளர்களே நேர்மையாக எழுதினார்கள். ஆனால் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையில் எல்லையைத் தாண்டியிருந்தவர்களிடம் பலன் தெளிவாக இருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் சற்றுக் கூடியிருப்பவர்கள் அந்த இரண்டாவது பரிசோதனையையும் கேட்டு வாங்கிச் செய்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

## வழி மூன்று: இரவுச் சாப்பாட்டை முன்னே நகர்த்துவது

மாலை ஆறரைக்குள் உண்டு முடித்து மறுநாள் காலை வரை ஒன்றும் உண்ணாமல் இருப்பது. செலவில்லை, தனிச் சமையல் இல்லை. எல்லையில் நின்ற எட்டு ஆண்களை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில், பிற்பகல் மூன்று மணிக்குள் கடைசி உணவை முடித்தபோது எடை குறையாமலேயே இன்சுலின் நன்றாக வேலை செய்தது. எட்டுப் பேர்தான், ஆனாலும் கவனிக்கத்தக்கது. மறுபக்கம், சீனாவின் குவாங்சோவில் பருமனான 139 பேரிடம் ஓராண்டு பார்த்தபோது, கலோரியைக் குறைத்தவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு குறிப்பிடத்தக்க கூடுதல் எடைக்குறைவைத் தரவில்லை. நேரம் சுருங்கும்போது உணவும் சுருங்கினால் பலன். ஆறு மணிக்கே இரண்டு வேளைச் சோற்றையும் சேர்த்து உண்டால் இல்லை.

குலசேகரம், அருமனைப் பக்கத்தில் விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களுக்கு இது இயல்பாகவே பொருந்தும். சீக்கிரம் படுப்பவர்கள் அவர்கள். இரவு பத்துக்குக் கடையடைத்து, வரும் வழியில் பரோட்டா உண்ணும் வியாபாரிகளுக்கும் இது மிகப் பெரிய மாற்றத்தைத் தரும். ஆறு மணிக்கே வீட்டுச் சாப்பாட்டைக் கடைக்கு வரவழைத்துவிடலாம். தூத்தூரிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு இது நடக்காது. இரண்டாவது வழியையே எடுக்கட்டும். சர்க்கரைக்கு ஏற்கெனவே கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

## வழி நான்கு: கடும் கட்டுப்பாடு

சோறு, கிழங்கு, பழம் எல்லாவற்றையும் நிறுத்துவது, அல்லது உணவுக்குப் பதில் மாவுக் கரைசல் குடிப்பது. வேகமாக எடை குறையும், இதில் ஐயமில்லை. பிரிட்டனில் 2017-இல் வெளியான டைரக்ட் ஆய்வில், நாளைக்கு 850 கலோரி அளவுக்குக் கரைசல் உணவை மூன்று முதல் ஐந்து மாதம் உண்டவர்களில் 46 சதவீதத்தினருக்கு ஓராண்டில் சர்க்கரை நோயே பின்வாங்கியது. இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதமாகக் குறைந்தது. அவர்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியரோ உணவியலாளரோ தொடர்ந்து துணையிருந்தார்கள். நம்மிடம் டப்பாவை விற்பவர் விற்றதோடு போய்விடுகிறார்.

பி.எம்.ஐ. 30-ஐத் தாண்டியவர்கள், அண்மையில் நோய் உறுதியானவர்கள், மாதந்தோறும் பார்க்கும் மருத்துவர் இருப்பவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம். கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரைக்கு டபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் தாமாக இதில் இறங்கக் கூடாது. அந்த மாத்திரையோடு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லையில் நிற்கும் ஒருவருக்கு இவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து.

## தொடங்கிய பிறகு

இரண்டாவது வழியோடு மூன்றாவதைச் சேர்க்கலாம். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் தொடங்க வேண்டாம். சோற்றின் அளவு ஒரு மாதம் நிலைத்த பிறகு நேரத்தை மாற்றுங்கள். எதைத் தேர்ந்தாலும் வாரத்துக்கு 150 நிமிட நடை சேர வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காலையில், அதே நாடாவால், அதே இடத்தில் இடுப்பை அளந்து நாட்காட்டியில் எழுதுங்கள். எச்பிஏ1சி-யை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் பழைய சாப்பாட்டின் கணக்கும் கலந்தே வரும். இடுப்பு குறைந்து சர்க்கரை குறையவில்லையென்றால் இன்னொரு மூன்று மாதம் பொறுக்கலாம். இரண்டுமே அசையாவிட்டால், அல்லது எச்பிஏ1சி 6-க்கு மேலேயே ஏறிக்கொண்டு போனால், மெட்ஃபார்மின் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து போன பெண்கள் அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்க வேண்டும். பெரும்பாலானவர்களைவிட அவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம்.